நெல் வயலின் உணவுச்சங்கிலியில் நுகர்வோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் உயிரியல் ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் பருவத்தில் மாணவர்களை வயலுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். அங்கே மாணவர்கள் கேட்பவை, வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயிகள் இடையில் கேட்பவை, பெற்றோர்கள் பின்னர் வந்து கேட்பவை என எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, என் பதில்களைக் கீழே தருகிறேன்.

நுகர்வோர்னா கடையில சாமான் வாங்குறவங்கதானே சார்?

சந்தையில் அந்தப் பொருள்தான். உயிரியலில் நுகர்வோர் என்பது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாமல், வேறொரு உயிரை அல்லது அதன் ஒரு பகுதியை உண்டு வாழும் எந்த உயிரையும் குறிக்கும். நெற்பயிர் வெயிலையும் நீரையும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு தனக்கான மாவுச்சத்தைத் தானே செய்துகொள்வதால் அது உற்பத்தியாளர். அந்தப் பயிரைத் தின்னும் பூச்சி, பூச்சியைப் பிடிக்கும் சிலந்தி, சிலந்தியை விழுங்கும் தவளை ஆகிய அனைத்தும் நுகர்வோர்.

கடை உவமையில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கடையில் பொருள் வாங்குபவருடன் வணிகம் முடிந்துவிடுகிறது. வயலில் அப்படி முடிவதில்லை. நெல்லைத் தின்ற பூச்சி அடுத்த நொடியே இன்னொன்றுக்கு உணவாகக்கூடும். நுகர்வோர் ஒவ்வொன்றும் உண்பதாகவும் உண்ணப்படுவதாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

முதல்நிலை, இரண்டாம்நிலைன்னு எப்படிப் பிரிக்கிறது? புத்தகத்துல புல், மான், புலின்னு இருக்கு. எங்க வயலை வச்சுச் சொல்லுங்க.

வயலில் இறங்கி ஒரு நெற்குத்தை இரு கைகளாலும் விலக்கி, தண்டு நீரைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அரிசி மணியை விடச் சிறிய, பழுப்பு நிறப் பூச்சிகள் சில தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். விரல் பட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபுறம் ஒளியும். இதுதான் புகையான். ஊசி போன்ற வாயால் தண்டின் சாற்றை உறிஞ்சுகிறது. எண்ணிக்கை மிகும்போது வயலின் நடுவில் வட்ட வட்டமாகப் பயிர் புகைந்து கருகியதுபோல் காய்ந்துவிடுவதால் இந்தப் பெயர். உற்பத்தியாளரை நேரடியாக உண்பதால் புகையான் முதல்நிலை நுகர்வோர்.

அதே குத்தில் இன்னும் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால், வலை பின்னாமல் நீர்ப்பரப்பின் மீதே ஓடும் ஒரு சிலந்தி தென்படும். அது ஓநாய்ச் சிலந்தி. பெண் சிலந்தியாக இருந்தால் வயிற்றின் பின்முனையில் முட்டைப் பையை வெள்ளை உருண்டைபோல் சுமந்துகொண்டு ஓடும். புகையானைப் பிடித்து உண்ணும் அது இரண்டாம்நிலை நுகர்வோர். சிலந்தியை உண்ணும் தவளை மூன்றாம்நிலை. தவளையை விழுங்கும் சாரைப்பாம்பு நான்காம்நிலை. பாம்பைத் தூக்கிச் செல்லும் கழுகு அதற்கும் மேல். இப்படித் தொடராக எழுதும் முறைக்கு உணவுச்சங்கிலி என்ற பெயரை நிலைநிறுத்தியவர் ஆங்கிலேய உயிரியலாளர் சார்லஸ் எல்ட்டன், ஆண்டு 1927. ஒவ்வொரு படிக்கும் ஊட்டநிலை என்று பெயர். உற்பத்தியாளர் முதல் ஊட்டநிலை என்பதால், முதல்நிலை நுகர்வோர் இரண்டாம் ஊட்டநிலையில் இருக்கும். தேர்வில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த ஓர் எண் வேறுபாட்டில்தான்.

அப்போ மாடும் புகையானும் ஒரே நிலையா? ஒண்ணு எவ்வளவு பெருசு!

ஒரே நிலைதான். உருவத்துக்கும் நிலைக்கும் தொடர்பில்லை. எதை உண்கிறது என்பது மட்டுமே கணக்கு. வரப்புப் புல்லை மேயும் மாடு, தண்டைக் குடைந்து வெண்கதிரை, அதாவது மணி பிடிக்காமல் வெளுத்த கதிரை, உண்டாக்கும் தண்டுத்துளைப்பானின் புழு, இலையை நீளவாக்கில் மடித்து உள்ளிருந்து சுரண்டும் இலைச்சுருட்டுப் புழு, கதிரை அறுத்து வளைக்குள் இழுத்துச் செல்லும் எலி ஆகியவை எல்லாம் முதல்நிலை நுகர்வோரே.

தவளையை மூணாம்நிலைன்னு சொன்னீங்க. ஆனா அது புகையானையும் தின்னுதே?

சரியான கேள்வி. சிலந்தியை உண்ணும் வேளையில் தவளை மூன்றாம்நிலையாகவும், புகையானை நேரடியாக உண்ணும் வேளையில் இரண்டாம்நிலையாகவும் இருக்கிறது. நிலை என்பது உயிரின் மீது குத்தப்பட்ட முத்திரை அன்று. ஒரு குறிப்பிட்ட சங்கிலியில் அது நிற்கும் இடம். பல சங்கிலிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னிக் கிடப்பதால்தான் உணவு வலை என்ற சொல் தேவைப்பட்டது.

தவளையின் வாழ்க்கையையே தொடர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தலைப்பிரட்டையாக இருக்கும்போது அது பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்னும் முதல்நிலை நுகர்வோர். கால் முளைத்து வால் மறைந்ததும் பூச்சி பிடிக்கும் ஊனுண்ணி. அதே வயல் நீரில் வளரும் தட்டானின் இளம்பருவம் தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்னும். அந்தத் தட்டான் சிறகு பெற்றுப் பறக்கும் காலத்தில், தப்பிப் பிழைத்து வளர்ந்த தவளை அதைப் பிடித்துத் தின்னும். உண்பவரும் உணவும் ஒரே பருவத்துக்குள் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

மயில் எதுல சேர்த்தி? நெல்லையும் தின்னுது, பாம்பையும் கொத்துது.

மயிலும் காகமும் அனைத்துண்ணிகள். நெல்மணியைக் கொத்தும்போது முதல்நிலை. வெட்டுக்கிளியைப் பிடிக்கும்போது இரண்டாம்நிலை. சிறு பாம்பை விழுங்கும்போது அதற்கும் மேல்.

மண்புழு, காளான் எல்லாம் நுகர்வோரா, சிதைப்பவையா?

காளானும் பாக்டீரியாவும் சிதைப்பவை. அவை நொதிகளை வெளியே சுரந்து, இறந்த பொருளை உடலுக்கு வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. மண்புழு அப்படியன்று; மட்கிய தழையை வாய்வழியே உட்கொண்டு குடலில் செரிக்கிறது. ஆகவே அதை இறந்த பொருளை உண்ணும் நுகர்வோர் என்று கொள்வதே பொருந்தும். பிணந்தின்னிக் கழுகும் இறந்ததை உண்ணும் நுகர்வோர்தான். சில பாடநூல்கள் மண்புழுவையும் சிதைப்பவை என்ற தலைப்பின் கீழ் வைப்பதால் குழப்பம் வருகிறது. இறந்த பொருளிலிருந்து தொடங்கும் இந்தத் தனிச் சங்கிலியை மறந்துவிட வேண்டாம். புகையானைப் பற்றிய ஒரு கேள்விக்கு அது பின்னால் தேவைப்படும்.

சங்கிலி ஏன் நாலஞ்சு படியோட நின்னுடுது? பத்துப் படி இருந்தா என்ன?

ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஆற்றல் பெருமளவு குறைந்துவிடுவதால்தான். புகையான் உறிஞ்சிய சாற்றில் பெரும்பகுதி அதன் அசைவுக்கும் மூச்சுக்கும் செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு பகுதி கழிவாகிறது. எஞ்சியது மட்டுமே உடலாகச் சேர்கிறது. சிலந்திக்குக் கிடைப்பது அந்த உடல் மட்டும். அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் 1942இல் வெளியான தம் ஏரி ஆய்வில் இந்த ஆற்றல் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். அதிலிருந்து எழுந்ததே பத்து விழுக்காட்டு விதி. பயிரில் 10,000 அலகு ஆற்றல் இருந்தால் புகையான் படியில் ஏறக்குறைய 1,000, சிலந்திப் படியில் 100, தவளைப் படியில் 10, பாம்புப் படியில் 1 என்று குறையும்.

பத்து என்பது உத்தேசமான சராசரி. இடத்துக்கும் உயிருக்கும் ஏற்ப இது கூடவும் குறையவும் செய்யும். ஆனால் திசை மாறாது. ஒரு வயலில் புகையான்கள் ஆயிரக்கணக்கிலும், தவளைகள் பத்துக்கணக்கிலும் இருக்க, சாரைப்பாம்பு ஒன்றிரண்டே இருப்பதற்கும், கழுகு ஒன்று பல வயல்களைச் சுற்றி வருவதற்கும் இதுவே காரணம்.

நுகர்வோரே இல்லேன்னா நெல்லு இன்னும் நல்லா விளையுமே சார்?

இந்தக் கேள்வியை ஒரு விவசாயி உண்மையான ஆதங்கத்தோடு கேட்டார். பூச்சியால் ஒரு போகத்தை இழந்தவர் கேட்கும் கேள்வியைப் புறந்தள்ள முடியாது. முதல்நிலை நுகர்வோர் விளைச்சலைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றின் எண்ணிக்கையை நாள்தோறும் வெட்டிக்கொண்டிருப்பவையும் நுகர்வோரே. தாவர உண்ணிகள் இவ்வளவு இருந்தும் உலகம் ஏன் பச்சையாகவே இருக்கிறது என்ற கேள்வியை 1960இல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபாட்கின் என்னும் சூழலியலாளர் மூவர் எழுப்பி, அவற்றை உண்ணும் மேல்நிலை நுகர்வோர் அவற்றை அடக்கி வைத்திருப்பதே காரணம் என்று வாதிட்டனர். இலைகள் தம்மைத் தாமே நஞ்சாலும் முள்ளாலும் காத்துக்கொள்வதும் ஒரு காரணம் என்று பின்னர் வந்தவர்கள் சேர்த்தனர். ஆயினும் நெல் வயலைப் பொறுத்தவரை அந்த மூவரின் வாதத்தைக் கண்ணாலேயே காணலாம்.

நுகர்வோருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாடநூல்கள் இதற்கு உரிய இடம் தருவதில்லை. உண்டதை அவை வேறிடத்தில் எச்சமாக விடுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் ஏரிக்கு வந்து கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாகிறது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். அதனாலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் உரிமை பெற்றுக் காத்துவந்தனர். மீனையும் நத்தையையும் தின்ற நுகர்வோர், நெல்லுக்குத் தழைச்சத்தைத் திருப்பித் தருகிறது. ஆற்றல் ஒரு வழிப் பாதையில் சென்று தீர்ந்துவிடும். சத்துகளோ சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்றை விரைவுபடுத்துவது நுகர்வோர்.

பூச்சியைப் பார்த்ததும் மருந்து அடிக்கிறோம். அதுல என்ன தப்பு?

மருந்து முதல்நிலை நுகர்வோரோடு நின்றுவிடுவதில்லை. பல பூச்சிக்கொல்லிகள் சிலந்தியையும், புகையானின் முட்டைகளைத் தேடி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் சேர்த்தே கொல்கின்றன. புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சில நாள்களில் குஞ்சுகள் பொரித்து வெளியே வரும்போது அவற்றை உண்ண எவரும் இல்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். சிலந்திகள் அந்த வேகத்தில் மீண்டு வருவதில்லை. மருந்தடித்த வயலில் புகையான் முன்பை விட அதிகமாவது இதனால்தான்.

இந்தோனேசியா இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. அங்கே அரசே பெரும் மானியத்துடன் பூச்சிக்கொல்லி வழங்கிவந்த காலத்தில் ஜாவா தீவில் புகையான் திரும்பத் திரும்பப் பெருகியது. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு, இரண்டே ஆண்டுகளில் மீண்டும் பெரும் தாக்குதலைச் சந்தித்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ பிறப்பித்த ஆணை, நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது; 1989இல் மானியமும் நின்றது. மருந்து குறைந்தபோதும் நெல் உற்பத்தி சரியவில்லை.

பூச்சி எந்த எண்ணிக்கையைத் தொட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று காட்டுவது பொருளாதாரச் சேத நிலை. நம் மாநிலத்தில் பரிந்துரைக்கப்படும் அந்த அளவிலேயே இந்த அறிவு இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்தி அந்தக் குத்தின் தாங்கும் அளவை இரு மடங்காக்குகிறது. ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகள் வரை உண்ணும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. எனவே மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. குத்தை விலக்கி எண்ணிப் பார்க்காமல் அடிக்காதீர்கள் என்றே சொல்கிறேன்.

நட்ட புதுசுல புகையானே இருக்காது. அப்போ சிலந்தி எதைத் தின்னு உயிரோட இருக்கும்?

மண்புழுவைப் பற்றிய பதிலில் குறிப்பிட்ட, இறந்த பொருளிலிருந்து தொடங்கும் சங்கிலிதான் அதைக் காப்பாற்றுகிறது. நடவு வயலின் சேற்றில் மட்கும் தாளையும் தொழுஉரத்தையும் தின்று, நுண்ணிய துள்ளும் பூச்சிகளும் சிறு ஈக்களின் புழுக்களும் ஏராளமாகப் பெருகுகின்றன. அவை பயிருக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. சிலந்திகள் முதலில் இவற்றை உண்டே பெருகி, பயிர் தழைத்துப் புகையான் வரும்போது தயாராக நிற்கின்றன. ஜாவாவின் நெல் வயல்களில் செய்யப்பட்டு 1996இல் வெளியான ஓர் ஆய்வு இதை விரிவாக நிறுவியது. வயலுக்கு இடும் தொழுஉரம் பயிருக்கு மட்டும் உரமன்று, சிலந்திக்கும் சோறு என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. நட்ட சில வாரங்களுக்குள் முன்னெச்சரிக்கை என்று கருதி அடிக்கும் மருந்து அழிப்பது பெரும்பாலும் இந்தக் காவல்படையைத்தான்.

பாம்பை அடிச்சா எலி கூடும்னு சொல்றது நிஜமா, சும்மா சொல்ற பேச்சா?

நிஜம்தான், ஆனால் அதுவே முழு உண்மை அன்று. சாரைப்பாம்புக்கு நஞ்சில்லை, எலி வளைக்குள்ளேயே நுழைந்து குட்டிகளையும் விழுங்கும் வாய்ப்பு அதற்கு உண்டு. இரவில் அந்த வேலையைக் கூகை செய்கிறது. கூகை இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். பாழடைந்த கட்டடம் ஒன்றின் அடியில் கிடந்த அத்தகைய உருண்டையை மாணவர்கள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தார்கள். சாம்பல் நிற மயிருக்குள்ளிருந்து இரண்டு எலி மண்டையோடுகள் வந்தன. முன்பற்களின் மஞ்சள் நிறம்கூட மாறவில்லை. கூகை அலறினால் சாவு வரும் என்று அதைக் கல்லால் அடிக்கும் ஊரில், அந்தப் பற்களைக் கையில் வைத்துப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய்ப் பேசினார்கள். எனக்கு அது மிகுந்த நிறைவைத் தந்தது.

முழு உண்மை அன்று என்றதற்குக் காரணம், எலிகளின் பெருக்கம் உணவின் அளவையும் பொறுத்தது. கதிர் முற்றிய காலத்தில் அவை குட்டியிடும் வேகத்துக்குப் பாம்பும் கூகையும் மட்டும் ஈடுகொடுக்க முடியாது. வரப்பைச் சிறிதாகக் கட்டுவதும், வளை தோண்டுவதும், தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் எலிப்பொறி வைப்பதும் தேவைதான். ஆனால் மேல்நிலை நுகர்வோர் இல்லாத வயலில் அந்த உழைப்பு பன்மடங்காகும்.

தவளைக்கும் இதே கதைதான். வயல் தவளைகளைப் பிடித்துக் கால்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவந்த இந்தியா, 1987இல் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

மேல போகப் போக ஆற்றல் குறையுதுன்னீங்க. நஞ்சு மட்டும் எப்படி அதிகமாகுது?

ஆற்றல் செலவாகிறது, டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சு செலவாவதில்லை. அது கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடும். எளிதில் சிதையாது, கழிவிலும் அதிகம் வெளியேறாது. ஒரு தவளை தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான பூச்சிகளை உண்கிறது. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிப் போய்விட, நஞ்சு மட்டும் அந்த ஒரே உடலில் குவிகிறது. பாம்பிலும் பருந்திலும் மேலும் குவிகிறது. மேலைநாடுகளில் வல்லூறு இனங்களின் முட்டை ஓடுகள் மெலிந்து அடைகாக்கும்போதே நொறுங்கியது இதனால்தான். இந்தியாவில் வேளாண்மைக்கு டிடிடி பயன்படுத்துவது 1989இல் தடை செய்யப்பட்டது.

பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததையும் இதற்கு எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள், அது தவறு. கால்நடைகளுக்கு வலி நீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் படிப்படியாகக் குவிந்து கழுகைக் கொல்லவில்லை. மருந்து போட்டுச் சில நாள்களுக்குள் இறந்த மாட்டை உண்டதும் சிறுநீரகம் செயலிழந்து நேரடியாகக் கொன்றது. 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்துபோயின. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று அவை கூடு கட்டும் முதன்மையான இடம் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

கொசு நம்ம ரத்தத்தைக் குடிக்குது. அப்போ அது நமக்கு மேல இருக்கிற நுகர்வோரா?

படிக்கணக்கில் பார்த்தால், ரத்தம் குடிக்கும் வேளையில் பெண்கொசு நமக்கு ஒரு படி மேலேதான் நிற்கிறது. பூந்தேனையும் தாவரச் சாற்றையும் மட்டுமே குடிக்கும் ஆண்கொசு முதல்நிலை நுகர்வோர். ஒட்டுண்ணிகள் உண்ணும் உயிரை விடச் சிறியவை, பெரும்பாலும் அதைக் கொல்லாதவை என்பதால் அவற்றை வழக்கமான சங்கிலியில் எழுதுவதில்லை. வயலில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தண்டுத்துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் ட்ரைக்கோகிரம்மா என்னும் மிக நுண்ணிய குளவி, அந்த முட்டையைப் புழுவாகப் பொரிக்க விடாமல் உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. விவசாயிகள் வயலில் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பது இதுதான்.

பூச்சியைத் தின்னுற செடி இருக்கே, அது நுகர்வோரா உற்பத்தியாளரா?

உற்பத்தியாளர். தமிழ்நாட்டின் ஈரமான, சத்தற்ற மண்ணில் வளரும் ட்ரோசெரா, இலையின் பசைத்துளிகளில் பூச்சியைப் பிடித்துக் கரைக்கிறது. ஆனால் ஆற்றலுக்காக அது வெயிலையே நம்புகிறது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்துக்காகத்தான் பூச்சி. எது எதை உண்கிறது என்பதோடு, எதற்காக உண்கிறது என்பதையும் பார்க்க வேண்டிய இடம் இது.

கடைசியா ஒண்ணு சார். மனுஷன்தானே எல்லாத்துக்கும் உச்சியில இருக்கிற நுகர்வோர்?

நம்மைப் பிடித்து உண்ணும் விலங்கு ஏறக்குறைய இல்லை என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் ஊட்டநிலையைத் தீர்மானிப்பது நாம் எதை உண்கிறோம் என்பது. உலக நாடுகளின் உணவுக் கணக்குகளைக் கொண்டு மனித இனத்தின் சராசரி ஊட்டநிலையைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2013இல் வெளியானது, விடை 2.21. முழுத் தாவர உண்ணிக்கு 2 என்றால், நாம் அதற்குச் சற்றே மேல். நெத்திலியும் பன்றியும் நிற்கும் இடம் அது.

இதைக் கேட்ட ஒரு மாணவி அன்றைய தன் மதிய உணவைக் கணக்குப் போட்டாள். சோறும் கீரையும் உண்டபோது அவள் இரண்டாம் ஊட்டநிலை. புகையானுக்கும் எலிக்கும் பக்கத்தில். குழம்பிலிருந்த விரால் துண்டுக்கு வந்தபோது விரலை மடக்கி எண்ணினாள். மிதவைப் பாசி ஒன்று, அதைத் தின்னும் நுண்ணுயிரி இரண்டு, சிறுமீன் மூன்று, விரால் நான்கு, அவள் ஐந்து. ஒரே தட்டில் இரண்டும் ஐந்தும் எப்படி வரும் என்று கேட்டாள். தவளையைப் பற்றிய பதிலை மீண்டும் படிக்கச் சொன்னேன்.